பதிமூன்று பல்லும் உன் அத்தாவும்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றால் காலையில்தான் போனில் கேட்டேன். நல்லாயிருக்கேன் என்றாய். குரலில் லேசாகச் சளி இருந்தது, அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். என் புத்தி அப்படி. இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை நான் முழுங்கிவிடுவேன். அதனால் நம் அறந்தாங்கி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, மதியத் தொழுகை முடிந்த கையோடு, பேனாவும் தாளுமாக எழுதுகிறேன். இன்னும் பதினெட்டு நாளில் மணமேல்குடிப் பெண்ணோடு உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

போன வாரம் சென்னையிலிருந்து கூப்பிட்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "அத்தா, சும்மா ஒரு தடவ மணமேல்குடிப் பக்கம் போயி விசாரிச்சுப் பாருங்களேன். அந்தப் புள்ளைக்கு எப்பப் போன் போட்டாலும் பிஸியாவே இருக்கு. காலேஜுல யாரு யாரோட பழக்கம், என்ன ஏதுன்னு... யாருக்கும் தெரியாம பாருங்க." நானும் சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பேசியது நீ, குரல் என்னுடையது. யாருக்கும் தெரியாமல் பார்க்கிற வேலையை நீ வேறு யாரிடமும் படித்திருக்க முடியாது. நீ கேட்டதற்கு நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் பழைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் நீ என்னை வெறுக்கலாம். வெறுத்தாலும் பரவாயில்லை என்று எழுத வரவில்லை, எனக்கு அது பரவாயில்லை இல்லை.

சவூதியில் லாரிப் பட்டறையில் பதினேழு வருடம் இருந்தேன். உன்னை நான் போனில்தான் வளர்த்தேன். உன் அம்மா "நல்லாருக்கோம்" என்றால் எனக்குப் போதாது. பின்னால் கேட்பது யார் சத்தம், டிவியா ஆளா, ஏன் இவ்வளவு நேரம் கழித்து எடுத்தாய் என்று குடைவேன். அவள் பொறுமையாகப் பதில் சொல்லுவாள், அந்தப் பொறுமையையும் சந்தேகப்படுவேன். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது லீவில் வந்தேன். கணக்கில் எண்பத்தொன்பது என்று ரேங்க் கார்டை நீட்டினாய். அந்த எட்டு, மூன்றைத் திருத்தி எழுதியதுபோல எனக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அதோடு விட்டேனா? உன்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். டீச்சர் நோட்டைத் திறந்து காட்டி, "எண்பத்தொம்பதுதாங்க. நல்லாப் படிக்கிற புள்ளைங்க," என்றார். வருகிற வழியில் உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாய். ஆனால் ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள்ள விடவில்லை. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நான் ஊரோடு வந்து சேர்ந்தபோது நீ என் உயரத்துக்கு வளர்ந்து, வேலை தேடிக்கொண்டிருந்தாய். திருச்சியில் செகண்ட் ஹேண்டாக அந்த உயரமான பைக்கை வாங்கி வந்தாய். ரோட்டிலும் ஓடும், கண்மாய்க்குள்ளும் இறங்கும், பாறையிலும் ஏறும் என்று நீ பெருமையடித்தாய். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. சவூதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்கு ஒரு நாள் ஊரிலிருந்து போன் வந்தது, மகன் பைக்கில் போய் அடிபட்டு இறந்துவிட்டான் என்று. அவருக்கு உடனே கிளம்ப அனுமதி கிடைக்கவில்லை. மகனை அடக்கம் செய்வதைப் போனில் பார்த்தார். அந்த மனிதர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. உன் வண்டியை முதல் நாள் பார்த்தபோது அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீயும் சேகரும் கிளம்பிவிடுவீர்கள். அவன் உன்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூவீலர் பட்டறை வைத்திருப்பவன், கேட்டுக் கேட்டுப் பழகி என்னையும் அத்தா என்றே கூப்பிடுகிறவன். ஒரு நாள் சித்தன்னவாசல் போய் வந்தோம் என்றாய். நான் டயரைப் பார்த்தேன். செம்மண்ணுக்கு மேலே வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. சித்தன்னவாசலில் ஏது கடற்கரை மணல்? பொய் என்று முடிவு கட்டினேன். காலையில் அங்கே போய்விட்டு, சாயங்காலம் கடற்கரைக்கும் போயிருக்கலாம் என்று தோன்ற எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் உன் போனை எடுத்துப் பார்த்தேன். இதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒரு வீடியோ, ஸ்பீடோமீட்டரில் நூற்றுப் பதினெட்டு. பின்னால் சேகர் சிரிக்கிற சத்தம்.

வண்டியின் வேகத்தைக் குறைக்கப் பல வழி உண்டு. ஓட்டுகிறவனிடம் உட்கார்ந்து பேசுவது ஒரு வழி. நான் பட்டறைக்காரன், எனக்குத் தெரிந்தது வேறு வழி. என்ஜின் பக்கமிருந்து செயினை இழுக்கிற பல்சக்கரத்துக்கு, அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு, உன் வண்டியில் பதினைந்து பல். அதைக் கழற்றிவிட்டுப் பதிமூன்று பல் போட்டால், என்ஜின் அதே சுற்று சுற்றினாலும் பின்சக்கரம் குறைவாகத்தான் சுற்றும். மணலிலும் மேட்டிலும் வண்டி திமிறிக்கொண்டு இழுக்கும். ஆனால் ஒவ்வொரு கியரும் சீக்கிரமே தீர்ந்துபோகும், நூறைத் தொடுவதற்குள் மூச்சு முட்டும். கண்மாய், மலை என்று சுற்றுகிறவர்கள் வேண்டுமென்றே இப்படி மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தங்கள் வண்டியில் எத்தனை பல் இருக்கிறது என்று தெரியும். உன் வண்டியில் ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து கணக்கெடுப்பதால் முள்ளைப் பார்த்தும் உனக்குத் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

நாளையும் யோசித்துத்தான் பிடித்தேன். முந்தின நாள் சேகர் உன் வண்டியைச் சர்வீஸ் செய்து கொடுத்திருந்தான். வண்டியில் எந்த மாற்றம் தெரிந்தாலும் அவன் கைவேலை என்றுதான் நினைப்பாய். நீயும் அம்மாவும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் கிளம்பினீர்கள். நான் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டேன். நீங்கள் தெருமுனை தாண்டியதும் எழுந்தேன். திருச்சியில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பதிமூன்று பல்லை எடுத்தேன். சக்கரம் சுற்றாமல் பிடிக்க ஆள் இல்லை, உன் அம்மாவின் உலக்கையைப் பின்சக்கரத்துக்குள் கொடுத்துக்கொண்டேன். பல் குறைந்ததால் செயின் தொங்கியது, பின்சக்கரத்தை இழுத்து வைத்து ஆட்டம் சரி பார்த்தேன். செயினுக்குக் கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும், இறுக்கிக் கட்டினால் உள்ளே பேரிங் போய்விடும் என்று தெரிந்த மனிதன்தான் நான், வீட்டில்தான் அது தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் என் கை தானாக ஒரு காரியம் செய்தது. சவூதிப் பட்டறையில் போல்ட்டை முறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவோம். போல்ட் நகர்ந்தால் கோடு காட்டிக் கொடுத்துவிடும். இங்கே வந்த பிறகும் என் ஸ்கூட்டரில் எல்லா போல்ட்டிலும் அந்தக் கோடு உண்டு. உன் வண்டியிலும் போட்டுவிட்டு, கவரை மூடினேன். பதினைந்து பல்லை ஒரு பழைய கைலியில் சுற்றி என் பெட்டிக்குள் போட்டேன்.

மறுநாள் நீ ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து வாசலிலேயே கத்தினாய். "அத்தா, சேகரு கை வச்சா வச்சதுதான்! வண்டி என்னமா இழுக்குது தெரியுமா?" நான் அப்படியா என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து நாள் நீ ஊருக்குள்ளேயும் கண்மாய்க் கரையிலும்தான் ஓட்டினாய். பதினோராம் நாள் ஓர் இன்டர்வியூவுக்காகப் புதுக்கோட்டை போனாய். திரும்பி வரும்போது, ஊர் வர ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கையில், முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி. எதிரே தூரத்தில் பஸ். பழைய பதினைந்து பல்லாக இருந்தால் அந்தக் கியரிலேயே இழுத்துத் தாண்டியிருப்பாய், உன் கணக்கு சரியான கணக்குதான். பாதி லாரியைத் தாண்டும்போது கியர் தீர்ந்துபோனது. என்ஜின் கத்தியதே தவிர வண்டி முன்னால் போகவில்லை. பஸ் வந்துவிட்டது. பிரேக் அடித்து லாரிக்குப் பின்னால் ஒடித்துக்கொண்டு வந்து, இடது பக்கம் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தாய். தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. முகமெல்லாம் முள். ஆஸ்பத்திரியில் என்னிடம், "என்னன்னே தெரியல அத்தா, வண்டி திடீர்னு செத்துப்போச்சு," என்றாய். எனக்குத் தெரியும். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு, அல்லாஹ் காப்பாத்திட்டான், பேசாம படு என்றேன். வேகமாகப் போய்ச் செத்துவிடுவாய் என்று பயந்து, வேகம் இல்லாமல் உன்னைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். அடிபட்ட வண்டியைப் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டோம். வண்டி தயாராகி எடுக்கப் போன அன்று அந்த மெக்கானிக், இதில் பதிமூன்று பல் கிடக்கிறது, கம்பெனி போடுவது பதினைந்து என்று போகிற போக்கில் உன்னிடம் சொன்னார். நீ வீட்டுக்குக்கூட வரவில்லை. வண்டி ஏறி வந்த மினி வேனை நேராகச் சேகர் பட்டறைக்கு விடச் சொன்னாய். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி நீ முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன். பட்டறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஒரிஜினல எங்கடா வித்தே?" என்றாய்.

"எந்த ஒரிஜினல்டா?"

"முன் ஸ்ப்ராக்கெட்டு. பதினஞ்சு பல்லுல ரெண்டு பல்லு தானா விழுந்துருச்சா? நீ கை வச்சதுக்கு அப்பறந்தானே வண்டி மாறுச்சு!"

"நான் அந்தக் கவரையே தொறக்கலடா. ஆயிலும் பின் பிரேக்குந்தான் பாத்தேன்."

சேகர் ஸ்பானரை எடுத்து, குந்தி உட்கார்ந்து கவரைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். போல்ட் தலையில் மஞ்சள் கோடு. என் ஸ்கூட்டரைச் சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்து என்னைக் கிண்டல் செய்தவன் அவன். அறந்தாங்கியில் வேறு எவனும் அப்படிக் கோடு போடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் மினி வேனின் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். அவன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "சரிடா. என் தப்புன்னே வச்சுக்க," என்றான். நீ அவனைத் திருட்டுப் பயல் என்றாய். அதற்கு மேலும் சொன்னாய், இங்கே எழுத வேண்டாம். நான் உன் தோளைத் தொட்டு, வாப்பா போகலாம் என்று கூட்டி வந்துவிட்டேன். பெருந்தன்மையான தகப்பன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்று வருடம் ஆகிறது. வண்டியை விற்றாய், சென்னைக்கு வேலைக்குப் போனாய். சேகரை நீ மறந்துவிட்டதாகச் சொல்கிறாய், ஆனால் எவனையும் நம்பாத ஆளாக மாறிப் போனாய். சார்ஜர் காணோம் என்று கூடத் தங்கியிருந்தவனைச் சந்தேகப்பட்டு அறை மாறினாய், அது உன் பையின் அடியில் கிடந்தது. ஆபீஸில் இரண்டு பேர் சிரித்துப் பேசினால் உன்னைப் பற்றித்தான் என்கிறாய். சின்ன வயதிலிருந்து பழகியவனே கழுத்தறுத்துவிட்டான் என்று நம்புகிறவனுக்கு வேறு எப்படி இருக்க முடியும்? இப்போது இன்னும் வீட்டுக்கே வராத ஒரு பெண்ணின் மேல் அது திரும்பியிருக்கிறது. அவள் என்னைப் போன்ற ஒருவனோடு நாற்பது வருடம் இருக்கப்போகிறாளா என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மா இருந்திருக்கிறாள். அது எப்படி இருந்தது என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை.

நீ கேட்டபடி மணமேல்குடிக்கு நான் போகவில்லை. பெட்டியிலிருந்து பதினைந்து பல்லை எடுத்துக்கொண்டு சேகர் பட்டறைக்குப் போனேன். நாலைந்து பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அவன் அவமானப்பட்டதும் ஆட்கள் முன்னால்தானே. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, மாற்றியது நான்தான், இவன் திருடவில்லை என்று சொன்னேன். நின்றவர்களில் ஒருவர், "என்ன பாய் நீங்க," என்றார். மற்றவர்கள் போன பிறகு சேகரிடம், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கைய ஒடிச்சுக்கிட்டு நிக்கிறான். அன்னைக்கு ஒங்கள நான் காட்டிக் குடுத்திருந்தா வீட்டுக்குள்ள எப்புடி வருவான் அத்தா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். கோவம் இல்லாம இல்ல. ஒங்க தெருக்காரங்க ஒருத்தர் வண்டிகூட இங்கிட்டு வர்றதில்ல, தெரியுமா ஒங்களுக்கு?" என்றான். அப்புறம் ஸ்ப்ராக்கெட்டைத் துணியால் துடைத்தபடி, "கல்யாணமாமே, சந்தோசம். பொண்ணோட அத்தா இங்க வந்தாரு. மாப்பிள எப்புடின்னு கேட்டாரு. சட்டுன்னு வாயி நீளும், மத்தபடி நல்லவன், நம்பிக் குடுக்கலாம்னேன்," என்றான்.

என் புத்தி உனக்குத் தெரியுமே. நான் அதையும் நம்பவில்லை. நம்மைப் பழி வாங்க நல்ல சந்தர்ப்பம் கிடைத்தவன் எதற்காக நல்லவிதமாகச் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்து சம்பந்திக்குப் போன் போட்டு, கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் பேசிவிட்டு, சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆமாங்க, போனேன். டீக்கடையில ஒருத்தரு, ஒங்க மகனுக்கும் அந்த மெக்கானிக்குக்கும் ஆகாதுன்னு சொன்னாரு. சொந்தக்காரங்க நல்லபடியாத்தான் சொல்லுவாங்க. ஆகாதவன் என்ன சொல்றான்னு கேட்டாத்தானே நமக்கு உண்மை தெரியும்? அவரே நல்லவன்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்னங்க வேணும், அன்னைக்குத்தான் எங்க வீட்ல சரின்னு முடிவு பண்ணோம்." அவர் மகளின் போன் ஏன் பிஸியாகவே இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதை நீதான் அவளிடம் பேச வேண்டும். யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்காதே, எப்போது போன் போட்டால் உனக்குத் தோது என்று கேள்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. நீயும் பேசாமல் இருந்தால் அது எனக்கு நியாயமான தண்டனைதான். என்னை எப்போது மன்னிப்பாய் என்று கேட்க மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும்போது, ஒரு பத்திரிகையை எடுத்து உன் கையாலேயே சேகர் பெயரை எழுதி, அவன் பட்டறைக்குப் போய்க் கொடு. ஆட்கள் நிற்கும்போது போ. நான் கூட வரவில்லை, தெருமுனையில் நின்று பார்க்கவும் வரவில்லை. திரும்பி வந்து, போனேன் என்று நீ சொன்னால் எனக்குப் போதும். சேகருக்குப் போன் போட்டுக் கேட்க மாட்டேன்.

உன் அத்தா